சைப்ரோஸ் வாசலில் வெட்டிய குழி

சைப்ரோஸ் அக்கா என்னைத் தேடி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை சபைக்குப் போகிறவர்கள் நாங்கள். ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். அஹேரோ சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் பூச்சு வேலை ஓடிக்கொண்டிருந்தது. சாரத்துக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஒக்வேனோ, கீழ எறங்கி வா. கத்திப் பேசற விஷயம் இல்ல இது."

"கலவை குழைச்சு வச்சிருக்கேன்க்கா. காஞ்சிரும்."

"காஞ்சா மறுபடி குழைச்சுக்க. வா."

இறங்கினேன். எங்கள் பக்கத்தில் அந்த அக்கா சொல்லி மறுக்கிறவர்கள் குறைவு. ஆரம்பப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகச் சமையல் வேலை. நானூறு பிள்ளைகளுக்குத் தினமும் சோளமும் பீன்ஸும் வேகவைத்துப் போடுகிறவர். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தச் சாப்பாட்டைத் தின்று வளர்ந்தவர்கள்தான். மூன்று வருடத்துக்கு முன் அதே பள்ளிக்கு நான் கழிப்பறை கட்டியபோது, அடுப்பில் அண்டாவை ஏற்றிவிட்டு வந்து பக்கத்தில் நிற்பார். இந்தக் குழாய் எதற்கு, இந்தக் குறுக்குச் சுவர் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தலைமை ஆசிரியர் ஒருநாள்கூட வந்து எட்டிப் பார்த்ததில்லை.

"வீட்டுக்குள்ளயே ஒரு கக்கூஸ் வேணும்," என்றார். "உக்கார்ற மாதிரி. நாத்தம் வரக்கூடாது. மழையில பொங்கக் கூடாது."

"நிகானோர் அண்ணனுக்கா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

நிகானோர் ஒதியேரோ அவருடைய கணவர். முப்பத்தோரு வருடம் கிசுமுவிலிருந்து நைரோபிக்கு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று வந்து இரண்டு வருடம் நெல் போட்டார். அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பியது, ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நாம் காத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் அறுபது காலடி தள்ளி, வாழைகளுக்கு நடுவே, அவர்களுடைய குழிக் கக்கூஸ் இருந்தது. நவம்பர் மழையில் எங்கள் கரிசல் மண் எப்படி வழுக்கும் என்பது மாட்டுக்குக்கூடத் தெரியும். அக்கா பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், யாரையும் கூப்பிடாமல், தடியை ஊன்றிக்கொண்டு அவர் தனியாகப் போயிருக்கிறார். கதவுக்கு நாலடி முன்னால் விழுந்துவிட்டார். அக்கா வந்து பார்க்கும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் மழையில் கிடந்திருக்கிறார். வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினபோது சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"அதுக்கப்புறம் பேசின் வச்சுத்தான் எல்லாம். அதுல எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல," என்றார் அக்கா. "ஆனா டீ குடிக்கறத நிறுத்திட்டார். காலையில ஃபிளாஸ்க்ல போட்டு வச்சிட்டுப் போவேன், சாயங்காலம் வந்து பார்த்தா அப்படியே இருக்கும். கேட்டா மறந்துட்டேங்கறார். தண்ணிகூட இல்ல. நாலு நாள் கழிச்சுத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. நான் இல்லாத நேரத்துல ஒண்ணுக்கு வந்துரக் கூடாதுன்னு தாகத்தோட உக்காந்திருக்கார் மேஸ்திரி."

நான் கலவையை மறந்துவிட்டேன். அது காய்ந்தே போனது.

சரி, அடுத்த வாரம் வந்து வேலையை ஆரம்பிக்கிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "என்ன டேங்க் வைக்கப் போற? மொதல்ல நான் பாக்கணும். பாக்காம ஒரு கத்திரிக்காய்கூட நான் வாங்கறதில்ல."

அப்போது எங்கள் ஊரில் மூன்று வகை இருந்தது. கடையில் வாங்கி அப்படியே புதைக்கிற பிளாஸ்டிக் டேங்க். கிசுமுவிலிருந்து ஒருவன் பளபளவென்று பிக்கப்பில் கொண்டுவந்து விற்ற புழு டேங்க். உள்ளே மண்புழுக்கள் இருந்து எல்லாவற்றையும் தின்றுவிடும், ஆயுசுக்கும் காலி செய்ய வேண்டாம் என்று அவன் சொல்லுவான். மூன்றாவது, நான் கட்டுகிற செங்கல் டேங்க், இரண்டு அறை வைத்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மூன்றையும் பார்க்க வந்தார். போன இடத்தில் வீட்டுக்காரர் ஆசையாக விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், கையைக் காட்டி நிறுத்திவிட்டு அவர் மனைவியைத் தேடி உள்ளே போவார். "ஆம்பளைங்க கட்டினதைப் பத்திப் பேசுவாங்க. கழுவறவளைக் கேட்டாத்தான் உண்மை வரும்," என்பார். பிளாஸ்டிக் டேங்க் வைத்த வாத்தியார் வீட்டில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: போன வெள்ளத்தில் ராத்திரியோடு ராத்திரியாக டேங்க் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்து, காலையில் முற்றத்தில் நீர்யானை முதுகு மாதிரி கிடந்ததாம். புழு டேங்க் வீட்டில் மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளம் வந்தால் புழுவெல்லாம் செத்துவிடுகிறது, திரும்பப் புழு வாங்கக் கிசுமு போக வேண்டியிருக்கிறது என்றாள் அந்த வீட்டுப் பெண்.

இதற்குள் சந்தையில் செய்தி பரவிவிட்டது. மீன் விற்கிற பிரிஸ்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்: "சைப்ரோஸ், இன்னைக்கு யார் வீட்டு ஓட்டைய மோந்து பாக்கப் போற?"

"உன் வீட்டோடதத் தவிர எல்லாத்தையும். உன்னுது மோந்து பாக்க உள்ள வர வேண்டாம், ரோட்டுலயே கெடைக்குது!"

சந்தையே சிரித்தது. பிரிஸ்காவும் சிரித்து, இரண்டு மீனைச் சேர்த்துப் போட்டாள்.

கடைசியில் செங்கல் டேங்க்தான் என்று முடிவானது. "இதுவும் ஒருநாள் நெறையும்க்கா," என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "அஞ்சாறு வருஷத்துக்கு ஒருதடவை லாரி வந்து உறிஞ்சணும்."

"நெறையும்னு சொல்றியே, அதனாலதான் உன்னுத எடுத்துக்கறேன்," என்றார்.

நிகானோர் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"வீட்டுக்குள்ள?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கி, "நான் களி திங்கற எடத்துலயா?" என்றார்.

"திங்கற எடத்துல இல்ல. படுக்கற அறைக்குப் பக்கத்துல. கதவு இருக்கும், சுவர் இருக்கும்."

"மருமகன் வருவான். அவன் காதுல விழும்."

"விழட்டும். அவனும் மனுஷன்தானே? இல்ல அவன் போறதே இல்லயா?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அவர் காலடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, விழுந்துபோன அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. ஐந்து விரலும் முடிந்து மறுபடி கட்டை விரலுக்கு வந்தபோது, "கதவுக்கு உள்ளேர்ந்து தாழ்ப்பாள் இருக்கணும்," என்றார் அண்ணன். அவ்வளவுதான், சம்மதித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சிக்கலே வந்தது.

டேங்க்கை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அதிலிருந்து வழிகிற தண்ணீர் எந்த மண்ணில் இறங்கப் போகிறது என்பதுதான் கேள்வி. முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி, கோடு போட்ட குச்சியை நட்டு, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்ப்பேன். கரிசலில் தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி அப்படியே நின்றது. வீட்டுக்குப் பின்னால், வேலிக்குப் பக்கத்தில் மட்டும் பழைய ஆற்று மணல் ஒரு பட்டையாக ஓடியது. அங்கே ஊற்றினது ஊற்றினபடி இறங்கியது.

"இதுதான் எடம்க்கா," என்றேன்.

அக்கா வேலிக்கு அப்பால் பார்த்தார். அங்கே மீகலின் கிணறு இருந்தது.

மீகல் அவருடைய ஓரகத்தி. நிகானோர் அண்ணனின் தம்பி சப்லோனுடைய மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கள்ளி வேலிதான். ஆனால் இரண்டு பெண்களும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மாமியாரின் சாவுக்கு வந்த கூட்டத்துக்கு அக்கா பீன்ஸ் சமைத்தபோது, "இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பீன்ஸ்தானே?" என்று மீகல் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். மறுநாள் பள்ளிக் குழு வந்து கிடங்கைத் திறந்து மூட்டைகளை எண்ணியது. ஒரு பிடி குறையவில்லை. ஆனாலும், எண்ண வந்தார்கள் அல்லவா. அன்றிலிருந்து அக்கா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை.

அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் மீகல் வீட்டோடு இன்னும் ஐந்தாறு வீடுகள் குடித்துக்கொண்டிருந்தன.

அக்கா நான் எடுத்த குழியிலிருந்து கிணறு இருந்த திசையில் வேலிவரை நடந்து எண்ணினார். அப்பால் கண்ணால் அளந்தார். "பதினெட்டு, இருபது காலடிதான் வரும். எவ்வளவு இருக்கணும்?"

"குறைஞ்சது நாப்பதுன்னு வச்சுக்கங்க. ஆனா யாருக்கா அளக்கறா? இந்த ஊர்ல பாதிக் கிணறு இப்படித்தான் இருக்கு."

இதைச் சொன்னதற்கு இன்றும் எனக்கு வெட்கம்தான். அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அந்தக் கெணத்துத் தண்ணியில உன் புள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுவியா?"

நான் மண்வெட்டியைத் துடைத்தேன்.

அதற்குள் மீகல் வேலிக்கு வந்துவிட்டாள். இடுப்பில் கை. அக்கா மூன்றடி தூரத்தில் நிற்கிறார். ஆனால் பேச்சு என்னிடம்.

"மேஸ்திரி, உன்னைக் கூலிக்குக் கூப்பிட்டவங்ககிட்ட சொல்லு. அவங்க பீயை என் கெணத்துல விட்டா நான் சீஃப் ஆபீசுக்குப் புகார் கொடுக்கப் போவேன்!"

அக்காவும் என்னைப் பார்த்தே பேசினார். "மேஸ்திரி, கேக்கறவங்ககிட்ட சொல்லு. குழி தோண்டிப் பாக்கறது குத்தம் இல்ல."

"பாக்கறதுக்கு எதுக்கு என் வேலி ஓரத்துக்கு வரணும்னு கேளு!"

"வேலிக்கு இந்தப் பக்கம் யாரோட மண்ணுன்னு கேளு!"

நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியில் மீகல் காறித் துப்பிவிட்டுப் போனாள். அக்கா என் ஆட்களிடம், "அந்தக் குழிய மூடுங்க," என்றார்.

"இவ்வளவு பேசிட்டுப் போறா, அவளுக்காகவா மூடறீங்க?" என்று கேட்டேன்.

"அவளுக்காகன்னு யார் சொன்னா? அங்க குடிக்கறதுல பாதிப் பேர் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க."

மூன்று நாள் வீட்டைச் சுற்றித் தோண்டிப் பார்த்தோம். மாட்டுக் கொட்டகைப் பக்கம் கரிசல். வாழைப் பக்கம் இரண்டடியிலேயே ஊற்று. எங்கும் சரிப்படவில்லை. வீட்டுக்கு முன்னால், வாசலுக்கு வலப்பக்கம், எப்போதோ ஒரு பெரிய கறையான் புற்றை இடித்துப் பரப்பிய செம்மண் மேடு இருந்தது. மேடு, வடிகிற மண், கிணற்றுக்கு ரொம்பத் தூரம். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும். இருவருமே அதைப் பார்க்காத மாதிரி சுற்றி வந்தோம். எங்கள் வழக்கத்தில் வாசலின் வலப்பக்கம் வீட்டுக்காரனைப் புதைக்கிற இடம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அங்கே மரம் நட மாட்டார்கள், மாடு கட்ட மாட்டார்கள், அவ்வளவுதான்.

நிகானோர் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மதியம் இடது கையால் என்னைக் கூப்பிட்டார்.

"மூணு நாளா என் வீட்டைச் சுத்தி எலி மாதிரி தோண்டற," என்றார், நிறுத்தி நிறுத்தி. "செம்மண் அங்கதானே இருக்கு? அத மட்டும் ஏன் விட்டுட்ட?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார்.

"ஓ," என்றார் அண்ணன். "அது என் எடம்."

பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து அக்கா ஓடிப்போனார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்டோபருக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு என்று அக்கா பின்னால் சொன்னார்.

"தோண்டு," என்றார். "எனக்குன்னு வச்சது தானே? நான் கொஞ்சம் முன்னாடியே எடுத்துக்கறேன்."

அன்று சாயங்காலமே சப்லோன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. அன்று பேசினார்.

"அண்ணே, என்ன இது? அப்பா காலத்துலேர்ந்து இல்லாத வழக்கம்! உங்க எடத்துல போய் அசுத்தத்த விடறதா? நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? அண்ணனை ஒழுங்காப் புதைக்கக்கூட வக்கில்லைன்னு என்னைத்தானே சொல்லும்?"

"உக்காரு சப்லோன்," என்றார் அண்ணன். "உயிரோட இருக்கற வரைக்கும் நான் தினம் நாலுதடவை போகணும். செத்தா ஒரே ஒருதடவை படுக்கணும். எது அவசரம்?"

"விளையாடாதீங்க அண்ணே."

"விளையாடல. நாலடி தள்ளி, கேட்டுப் பக்கமா என்னைப் போடு. அதுவும் வலப்பக்கம்தான். எனக்கு ரோடு தெரியும். பஸ் போறதப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

சப்லோன் அக்காவிடம் திரும்பினார். "அண்ணி, நீங்களாவது சொல்லக் கூடாதா? பின்னாடி மணல் நல்லாத் தண்ணி குடிக்குதுன்னு மேஸ்திரியே சொன்னானாமே? அங்க போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

அக்கா காரணத்தைச் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பேசுவது என் வேலை இல்லை, ஆனால் வாய் அடங்கவில்லை.

"அங்க போடலாம்ணே. போட்டா உங்க வீட்டுக் கெணத்துல எறங்கும். அதனாலதான் அக்கா மொத நாளே அத மூடச் சொல்லிட்டாங்க."

சப்லோன் கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே நின்றார். அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வேலிச் சந்து வழியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் டேங்க் குழியை ஆரம்பித்தோம். டேங்க்கை வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தோம். வழிகிற தண்ணீருக்கு ஆழமாக உறிஞ்சுகுழி எடுத்தால் மழைக்காலத்தில் ஊற்று ஏறி நிறைந்துவிடும். அதனால் செம்மண் மேட்டில் ஆழமில்லாமல் மூன்று நீளக் கால்வாய் வெட்டி, ஜல்லி பரப்பி, ஓட்டை போட்ட குழாய் பதித்தேன். முதல் அறையில் கசடு தங்கும், இரண்டாவது அறைக்குத் தெளிந்த தண்ணீர் போகும், அங்கிருந்து கால்வாய்க்கு. அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரசமட்டத்தை என் கையிலிருந்து வாங்கி ஒவ்வொரு குழாய் மேலும் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நின்றால் முகம் சுளிப்பார். "இது சாயவே இல்லியே? எப்படி ஓடும்?" என்பார். இரண்டு இடத்தில் அவர் சொன்னது சரியாக இருந்தது.

உட்காரும் பீடத்தை எந்த உயரத்தில் வைப்பது என்று பார்க்க அண்ணனை ஒரு பெயிண்ட் டின் மேல் உட்கார வைத்தோம். தாழ்வாக இருந்தது. ஒரு செங்கல் வைத்தோம். இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் அவர் இடது கையை ஊன்றி எழுந்து பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷம் டிரைவர் சீட்டை நானே சரிபண்ணிக்கிட்டவன்," என்றார். "இன்னும் ஒரு விரல் ஏத்து. ஆங். இப்ப கண்ணாடி ஒண்ணு மாட்டிட்டா கிளம்பிரலாம்."

கைப்பிடிக் கம்பியை இடப்பக்கச் சுவரில் பதித்தேன். முழு எடையையும் போட்டு நானே தொங்கிப் பார்த்தேன்.

டேங்க்கைக் கட்டி, உள்பூச்சுப் பூசி, பத்து நாள் ஈரம் காட்டிய பிறகு தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். நூற்றைம்பது கேனாவது பிடிக்கும். பிப்ரவரி. மழைத்தொட்டி காலி. பொதுக்குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர், அதுவும் அரை மைல் தூரத்தில். என் ஆட்கள் இருவரும் காலையிலிருந்து சுமந்து முப்பது கேன்தான் சேர்ந்திருந்தது. அப்போது வேலிச் சந்து வழியாக மீகல் வந்தாள். தலையில் மஞ்சள் கேன். யாரையும் பார்க்கவில்லை. நேராக டேங்க் வாய்க்கு வந்து, இறக்கி, கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள். மூன்றாவது தடவை அவளுடைய இரண்டு பெண்களும் சப்லோனும் கூட வந்தார்கள்.

அக்கா உள்ளே போய்த் தன்னுடைய கேனை எடுத்துக்கொண்டு, அந்தச் சந்து வழியாக, ஒன்பது வருடம் மிதிக்காத அந்தக் கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்குகிற கயிறு ஒன்றுதான். ஒருத்தி இழுக்க வேண்டும், ஒருத்தி கேனைப் பிடிக்க வேண்டும்.

மதியம் தாண்டியதும் டேங்க் ஓரத்தில் இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். மீகல் என் பக்கம் திரும்பினாள்.

"மேஸ்திரி, இவங்ககிட்ட சொல்லு, அன்னைக்கு நான் அந்த பீன்ஸ் பத்திச் சொன்னது..."

"என்கிட்டயே சொல்லு," என்றார் அக்கா. "இங்கதானே நிக்கறேன்."

மீகல் கேன் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள். கண் நிறைந்துவிட்டது. அக்கா அவளையே பார்த்தார்.

"சரி, மொதல்ல இத நெறப்பு," என்றார். "அழுறதா இருந்தா உள்ள குனிஞ்சு அழு. அரை கேன் மிச்சமாகும்."

மீகல் அழுதுகொண்டே சிரித்தாள். "அக்கா," என்றாள். அதற்குமேல் அந்த விஷயத்தை அவர்கள் என் காதில் விழப் பேசவில்லை.

நிரம்பிய தண்ணீரின் மட்டத்தில் அக்கா கரியால் கோடு போட்டு வைத்தார். காலையில் பார்த்தால் நான்கு விரல் இறங்கியிருந்தது. தேடிப் பார்த்ததில், குழாய் உள்ளே நுழைகிற இடத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. புதிதாக ஒரு கோடு போட்டார். மூன்று நாள் அது அசையவில்லை.

முதல் தடவை அண்ணன் உள்ளே போன நாள் எல்லாரும் முற்றத்தில் கூடிவிட்டோம். தடியை ஊன்றி, கம்பியைப் பிடித்து, பதினான்கு காலடி அவரே நடந்தார். கதவைச் சாத்தும் முன் திரும்பிப் பார்த்தார்.

"என்னது, கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்கறீங்க? போங்க எல்லாரும்!"

தாழ்ப்பாள் விழுந்தது. நேரம் போனது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் டேங்க் மூடியைத் தூக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. கால் மணி, அரை மணி. அக்காவால் பொறுக்க முடியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் போய், "என்னங்க, நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"பேசாம இரு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இத்தனை மாசத்துல இப்பத்தான் தனியா இருக்கேன்."

அக்கா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டார். முந்தானைத் துணியால் முகத்தைத் துடைத்தார். எங்களைப் பார்த்து, போங்கள் என்று கையைக் காட்டினார். போனோம்.

நிகானோர் அண்ணன் அதற்குப் பிறகு மூன்று வருடமும் இரண்டு மாதமும் இருந்தார். இடையில் ஒரு பெரிய வெள்ளம் வந்தது. வாழைத் தோப்புக் கக்கூஸ் இடிந்து விழுந்தது. மேட்டில் இருந்த கால்வாய்கள் தாங்கின. பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் அந்த இரண்டு வாரமும் அக்கா வீட்டில்தான் வரிசை நின்றார்கள். அண்ணன் வாசலில் உட்கார்ந்து, கண்டக்டர் மாதிரி, "அடுத்தது யாரு? ஏறுங்க ஏறுங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மருமகனும் அந்த வரிசையில் நின்றான்.

அவர் தூக்கத்தில் போய்விட்டார். பெரியவர்கள் சிலர் இடத்தைப் பார்த்து முணுமுணுத்தார்கள். சப்லோன் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. தானே கயிறு பிடித்து, கால்வாயிலிருந்து தள்ளி, கேட்டுப் பக்கமாக அளந்து கொடுத்தார். குழிக்குச் சிமெண்ட் பூசினது நான்தான். அண்ணனுக்கு நான் செய்த இரண்டாவது வேலை.

போன ஏப்ரலில் அக்கா, தன் மகள் அப்போண்டியைப் பார்க்க நைரோபிக்குப் போனார். அறுபத்திரண்டு வயதில் அதுதான் முதல் தடவை. அண்ணன் அவ்வளவு காலம் அந்தச் சாலையில் பஸ் ஓட்டியும், பள்ளிக்கூடம், நெல், பிள்ளைகள் என்று அவரால் ஒருநாளும் கிளம்ப முடிந்ததில்லை. துணைக்கு மீகலைக் கூட்டிப்போனார். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார்களாம்.

திரும்பி வந்தபோது சந்தையில் பார்த்தேன். எப்படி இருந்தது பயணம் என்று கேட்டேன். பையைக் கீழே வைத்தார்.

"அந்த மலை எறக்கம் இருக்கே ஒக்வேனோ," என்றார், "ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல, பள்ளம். பஸ் திரும்பறப்ப மீகல் கண்ண மூடிக்கிட்டா. நான் மூடல. இவ்வளவு வளைவு இருக்கும்னு அவர் ஒருநாள்கூட என்கிட்ட சொன்னதில்ல."